பதவிப் பெயரும் மேலதிக நேரச் சம்பளமும்

1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய எமது தோட்டக்காரக் குடும்பங்கள் பலவற்றில், இன்று பிள்ளைகள் கடைகளிலும் அலுவலகங்களிலும் கணக்கெழுதி வீட்டைத் தாங்குகின்றனர். அண்மையில் ஒரு தாயார் எம்மிடம் வந்து, "சுவாமி, மகனை உதவி முகாமையாளர் ஆக்கிப் போட்டினம்" என்று பெருமையோடு சொன்னார். சம்பளம் கூடியதோ என்று கேட்டோம். இல்லையாம். முன்பு கிடைத்த ஓவர்டைம் காசும் நின்றுவிட்டதாம். வேலை அதே கணக்கு வேலைதான். வீடு திரும்ப மட்டும் இரவு ஒன்பது மணியாகின்றது.

1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வேலைநேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். அதுவும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டலாகாது. மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து ஒரு மணித்தியாலச் சம்பளம் பார்ப்பது வழக்கம். 36,000 ரூபா பெறுபவருக்கு அது 150 ரூபா. மேலதிக மணித்தியாலத்துக்கு 225 ரூபா. வாரத்தில் பத்து மணித்தியாலம் கூடுதலாக நின்றால் 2,250 ரூபா. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இது சிறு தொகையன்று.

நிறைவேற்று, முகாமைத்துவப் பதவியினருக்கு இக்கொடுப்பனவில் விலக்கு உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆட்களைச் சேர்ப்பவரும் தம் நேரத்தைத் தாமே வகுப்பவரும் மணிக்கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் லீவு கேட்கவும் முதலாளியின் முகத்தைப் பார்த்து நிற்கும் இலிகிதருக்கு இந்த விலக்கு எப்படிப் பொருந்தும்? அமெரிக்காவில் 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான விதிகள், பதவிப் பெயர் மட்டும் விலக்குக்குப் போதாது, செய்யும் கடமையையும் பார்க்க வேண்டும் என வெளிப்படையாகவே சொல்கின்றன. நாமும் இதையே கேட்கின்றோம். துலா இறைப்புக்கு வந்தவர் பொழுதுபட்ட பின்னும் நின்றால், கூலிக்கு மேல் ஏதாவது கொடுத்தனுப்பிய ஊரவர் அல்லவா நாம்?

கடைக்காரரை மட்டும் குறைசொல்வது சரியாகாது. நம்மைப் போன்ற தொண்டு நிறுவனங்களிலும் 'இணைப்பாளர்' என்று பெயரிட்டு, 'சேவைதானே' என்று சொல்லி, இரவிரவாக அறிக்கை எழுதுவித்திருக்கின்றோம். இதை எழுதும்போது எமக்கு வெட்கமாகத்தான் இருக்கின்றது.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுங்கள். நியமனக் கடிதத்தைக் கேட்டு வாங்கட்டும். பதவி மாறினால் அதையும் எழுத்தில் பெறட்டும். வந்த நேரம், போன நேரத்தை ஒரு கொப்பியில் நாள்தோறும் குறித்து வைக்கட்டும். முதலில் முதலாளியுடன் மரியாதையாகப் பேசலாம். சரிவராவிட்டால் அந்தக் கொப்பியோடு யாழ்ப்பாணத்திலுள்ள தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போகலாம். அந்தத் தாயாரின் மகன் கொப்பி எழுதத் தொடங்கிவிட்டான்.