ஒரு காலொடிந்த முக்காலி

செல்வ வளத்தில் உலகின் முன்வரிசையில் நிற்கும் அமெரிக்க நாட்டில், நோயுற்றவர் மருத்துவரிடம் செல்வதா, கடனுக்கு அஞ்சி வீட்டிலேயே கிடப்பதா என்று தயங்கும் நிலை இன்றும் நீங்கவில்லை. மருத்துவ அறிவின் குறை இதற்குக் கரணியமன்று. பொருளின் குறையும் அன்று. அங்கு மருத்துவம் விலைமிக்கது என்பது ஒரு கரணியம். மற்றொன்று அதனினும் நாணத்தக்கது: ஓர் ஆட்சி கட்டிய காப்பீட்டு ஒழுங்கை மற்றோர் ஆட்சி முழுதும் இடிக்கவும் இயலாமல், நிலைக்க விடவும் மனமில்லாமல், கல் கல்லாகப் பெயர்த்துக்கொண்டிருப்பது.

இரண்டாம் உலகப்போரின்போது கூலியுயர்வுக்கு அந்நாட்டரசு வரம்பு கட்டியது. நிறுவனங்கள் கூலிக்கு மாற்றாக மருத்துவக் காப்பீட்டைக் காட்டி ஆள்சேர்த்தன; அவ்வழக்கமே வேரூன்றிவிட்டது. 1965-இல் குடியரசுத் தலைவர் இலிண்டன் சான்சன் காலத்தில் முதியோர்க்கு மெடிக்கேர் என்றும், ஏழையர்க்கு மெடிக்கெய்டு என்றும் இரு திட்டங்கள் பிறந்தன. இவற்றுள் எதிலும் அடங்காத சிறுதொழிலரும் வேலையிழந்தோரும் தாமே சந்தையில் காப்பீடு வாங்க வேண்டியவராயினர். நோயுள்ள உடலென்று கண்டால் நிறுவனங்கள் பல மாநிலங்களில் அவர்களை வாயிலிலேயே திருப்பியனுப்பின.

காப்பீடு என்பது யாது? நலமுடைய பலர் இடும் பணம் நோயுற்ற சிலரைத் தாங்குவது. இன்று தாங்கியவர் நாளை தாங்கப்பெறுவது. ஊரார் அனைவரும் கூடிக் கரையை உயர்த்தினால்தான் ஏரியில் நீர் நிற்கும். வயல் காய்ந்தபின் மண்வெட்டியோடு வருவேன் என்று ஒவ்வொருவனும் சொல்வானாயின் கரையும் இராது, நீரும் இராது. நோய் வந்தபின் சேர்ந்துகொள்ளலாம் என்று விட்டால் நலமுடையோர் விலகுவர், கட்டணம் ஏறும், ஏறக்கண்டு மேலும் சிலர் விலகுவர், மீண்டும் ஏறும்.

இது வெறுங்கற்பனையன்று. வாசிங்டன் மாநிலம் 1993-இல் நோயாளரை ஒதுக்கலாகாதென்றும், அனைவரும் காப்பீடு பெறவேண்டுமென்றும் சட்டம் இயற்றியது. 1995-இல் அனைவரும் பெறவேண்டுமென்ற கட்டாயத்தை நீக்கிவிட்டு, நோயாளரை ஏற்கும் கடமையைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவைத்தனர். விளைவு யாது? 1999 அளவில் தனியார்க்குக் காப்பீடு விற்பதையே நிறுவனங்கள் அங்குக் கைவிட்டன. நோயாளர்க்கு நன்மை செய்யப் புகுந்த சட்டம், அரைகுறையாக்கப்பட்டதும் அனைவர்க்கும் கதவடைத்தது.

இப்படிப்பினையை அறிந்தே ஒபாமா ஆட்சியின் சட்டம் 2010 மார்ச்சு 23-ஆம் நாள் மூன்று கால்களோடு எழுந்தது. நோயைக் காட்டி எவரையும் மறுத்தலாகாது என்பது முதற்கால். காப்பீடு பெறாதார் தண்டம் இறுக்க வேண்டும் என்பது இரண்டாங்கால். வருவாய் குறைந்தார்க்கு அரசின் நல்கை உண்டு என்பது மூன்றாங்கால். இவை 2014-இல் நடைமுறைக்கு வந்தன.

அரம் அதற்கு முன்பே அறுக்கத் தொடங்கியது. மெடிக்கெய்டை விரிவாக்குவது மாநிலங்களின் விருப்பம் என்று 2012-இல் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. 2017 சூலையில் சட்டத்தை நீக்கும் முயற்சி மேலவையில் 49-க்கு 51 என்று தோற்றது. ஆளுங்கட்சியைச் சேர்ந்த மெக்கெயினே எதிர்த்து ஒப்போலையிட்டார். முழுதும் இடிக்க இயலாத திரம்பு ஆட்சி, ஏழையரின் மருத்துவச் செலவைக் குறைப்பதற்காக நிறுவனங்கட்கு அளித்துவந்த பணத்தை அக்தோபரில் நிறுத்தியது. செலவைக் குறைக்கும் கடமை நிறுவனங்களை விடவில்லை; எனவே அவை அச்சுமையைக் கட்டணத்தில் ஏற்றின. 2018-இல் கட்டணம் பாய்ந்து உயர்ந்தது. நல்கை பெற்றவர்க்கு அவ்வுயர்வை அரசே ஈடுசெய்தது. நல்கை பெறாத நடுத்தரக் குடும்பங்கள் முழுச்சுமையையும் தாங்கின. அரசுக்கும் மிச்சமில்லை, குடிக்கும் நன்மையில்லை. அவ்வாண்டிறுதியில் இயற்றிய வரிச்சட்டம் 2019 முதல் தண்டத்தைச் சுழியாக்கியது. இரண்டாங்கால் ஒடிந்தது.

ஆயினும் சந்தை சாயவில்லை. மூன்றாங்காலாகிய நல்கை அதனைத் தாங்கிற்று. 2021-இல் அந்நல்கை மேலும் மிகுக்கப்பட்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ 1.2 கோடியாக இருந்த சந்தைக் காப்பீட்டாளர் தொகை 2025-இல் 2.4 கோடியைத் தாண்டியது. அம்மிகு நல்கையை நீட்டிப்பதா என்ற பூசலில் 2025-இல் 43 நாள் அரசுப்பணிகள் முடங்கின. எனினும் அவ்வாண்டின் இறுதியோடு அது முடிவுற்றது. எஞ்சிய தாங்குகாலும் செதுக்கப்பட்டது.

எதிர்ப்போர் கூற்றிலும் பொருளில்லாமலில்லை. மிகு நல்கையை நிலையாக்கினால் பத்தாண்டில் ஏறத்தாழ 35,000 கோடித் தாலர் செலவாகும் என்று பேராயத்தின் நிதிக்கணக்கு அலுவலகமே கணித்தது. வேண்டாதவனைக் காப்பீடு வாங்குமாறு வற்புறுத்துவது உரிமைப் பறிப்பு என்பது அவர்தம் மற்றொரு கூற்று. சரி, வேறு வழி காட்டட்டும். அதனை முழுதாகக் கட்டி நிலைநிறுத்தட்டும். காப்பீடின்றி விபத்தில் அடிபட்டு வருபவனை அந்நாட்டு மருத்துவமனைகள் சட்டப்படி ஏற்றே ஆகவேண்டும். அச்செலவை யார் தலையில் ஏற்றுவது என்பதற்கு உரிமை பேசுவோர் விடை கூறல் வேண்டும்.

காப்பீட்டு நிறுவனங்கள் வரும் ஆண்டின் கட்டணத்தைப் பல திங்கள் முன்னரே வரையறுக்கின்றன. சட்டம் நிற்குமா வீழுமா என்று தெரியாதபோது, அவை தம் அச்சத்திற்கும் ஒரு விலை வைக்கின்றன. அவ்விலையைக் கொடுப்பவன் பேராயத்தில் வழக்காடுபவன் அல்லன், நோயுற்ற குடிமகனே! கொள்கை எதுவாயினும் ஆகுக. மக்கள் உயிரைத் தாங்கும் சட்டம் தேர்தலுக்குத் தேர்தல் ஆடும் ஊஞ்சலாதல் கூடாது.