கிழவரைக் குமரராக்கும் லேகியம்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் வழியில் மருந்துவாழ்மலை நிற்கிறது. ஆஞ்சநேயர் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து உதிர்ந்த துண்டு அது என்று நாஞ்சில் நாட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். மாண்டவரை எழுப்பிய மூலிகை அங்கே முளைக்குமானால், நரைத்தவரைக் குமரராக்கும் மூலிகை முளைக்காதா? இந்த நியாயத்தையே மூலதனமாக வைத்துப் பிழைப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. ஐம்பதை எட்டிய கிருஹஸ்தர், வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூசி, வீட்டாருக்குத் தெரியாமல் லேகியம் வாங்குகிறார். போவது பணம் மட்டுமன்று. உண்மையான வியாதியைக் கவனிக்க வேண்டிய காலமும் போகிறது. ஆகையால் கூச்சத்தைச் சற்று ஒதுக்கிவிட்டு, இந்த வாரம் இவ்விஷயத்தைப் பேசுவோம்.

இந்தச் சபலம் நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. 1889-ஆம் வருஷம் பாரிஸ் நகரில், பிரௌன் ஸெகார் என்ற கீர்த்தி பெற்ற சாஸ்திரி, தமது 72-வது வயதில், நாய் முதலிய பிராணிகளின் விரைகளிலிருந்து எடுத்த சாற்றைத் தமக்கே ஊசி குத்திக்கொண்டு, பழைய பலம் திரும்பிவிட்டதாக வித்வத் சபையில் அறிவித்தார். அந்தச் சாற்றில் சாரமான வஸ்து அநேகமாக இல்லை என்பது பின்னால் தெரிந்தது. வேலை செய்தது மருந்தல்ல, நம்பிக்கையே! பிறகு 1920-ஐ ஒட்டி வோரனாஃப் என்பவர் குரங்கின் சுரப்பியை எடுத்துத் தனவான்களுக்கு ஒட்டவைத்தார். அந்த மோகமும் அடங்கியது. உண்மையான வஸ்து 1935-ல்தான் சுத்தமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதே வருஷம் ரசாயன முறையிலும் தயாராயிற்று. டெஸ்டோஸ்டெரோன் என்பது அதன் பெயர்.

மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி கட்டளை அனுப்ப, விரைகள் இந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. ஸ்திரீகளுக்கு மாதவிடாய் நிற்கும் பருவத்தில் அவர்களுக்குரிய ஹார்மோன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. புருஷர்கள் விஷயம் வேறு. இங்கே மடை அடைபடுவதில்லை. கோடையில் குளத்து நீர் இறங்குவதுபோல, முப்பது நாற்பது வயதுக்குமேல் வருஷத்துக்குச் சுமார் நூற்றில் ஒரு பங்கு வீதம் இறங்குகிறது. இரத்தத்தில் இதைப் பற்றிக்கொள்ளும் ஒரு புரதம் வயதோடு அதிகரிப்பதால், தேகத்துக்கு உடனே பயன்படும் பகுதி இன்னும் சற்று வேகமாகக் குறைகிறது. ஆனால் ஆளுக்கு ஆள் பேதம் மிகுதி. எழுபதிலும் போதிய அளவு உள்ளவர் பலர்.

ஐரோப்பாவில் 40 முதல் 79 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட புருஷர்களைப் பரீக்ஷித்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். ஹார்மோன் குறைவும் அதற்குரிய குறிகளும் சேர்ந்து காணப்பட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் இருவரே! அப்படியானால் மற்றவர்களின் சோர்வுக்கும் தளர்ச்சிக்கும் காரணம் என்ன? தொந்தி, தூக்கக் குறைவு, மது, மனக்கவலை, எல்லாவற்றுக்கும் மேலாக நீரிழிவு. 2011-ல் வெளியான கணக்கின்படி தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்தது. ஆண்மைத் தளர்ச்சி சில சமயம் இருதயத்து இரத்தக் குழாய்களின் கோளாற்றை முன்கூட்டியே அறிவிக்கும் மணியோசையாகவும் இருக்கும். லேகியத்தை நக்கிக்கொண்டிருப்பவர் காதில் அந்த மணி விழுமா?

சந்தேகம் உள்ளவர் செய்ய வேண்டியது இதுதான். இந்த ஹார்மோன் காலையில் உச்சத்தில் இருக்குமாதலால், வெவ்வேறு இரண்டு நாட்களில், காலை வேளையில் இரத்தப் பரீக்ஷை செய்து கொள்ளட்டும். கூடவே சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கட்டும். உண்மையில் குறைவிருந்தால் வைத்தியர் மேற்பார்வையில் சிகிச்சை உண்டு. அவசியமின்றி ஊசி போட்டுக்கொண்டால், பிட்யூட்டரி தன் கட்டளையை நிறுத்திக்கொள்ளும். சொந்தச் சுரப்பும் விந்தணு உற்பத்தியும் குன்றும். சந்தானம் வேண்டும் வாலிபர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

சித்த வைத்தியத்தை நாம் இகழவில்லை. சித்தர்களின் பெயரைச் சந்தையில் கூவி விற்பவர்களே அதற்கு இழுக்குத் தேடுகிறார்கள். ஆண்மை விருத்தி மருந்து விளம்பரங்களைச் சுதந்திர பாரதம் 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்தது. சட்டம் கடைக்காரன் வாயைத்தான் கட்டும். வாங்குகிறவர் கையைக் கட்டாது. வீட்டு எஜமானர் காரணமின்றிச் சோர்ந்திருந்தால், பரிகாசம் செய்யாமல் வைத்தியரிடம் அழைத்துப் போவது இல்லத்தரசிகளின் கையில் இருக்கிறது.