பதிவுப் புத்தகத்தில் இல்லாத பெட்டி

2025 மார்ச் 7ஆம் தேதி பாதுகாப்பு அமைச்சகம் ரஷ்யாவின் ரோசோபோரோன்எக்ஸ்போர்ட் நிறுவனத்துடன் 24.8 கோடி டாலர் ஒப்பந்தம் செய்துகொண்டு, டி-72 டாங்கிகளின் 780 குதிரைத்திறன் என்ஜினுக்குப் பதிலாக 1000 குதிரைத்திறன் என்ஜினை ஏற்றுவதென்றும், அதன் தொழில்நுட்பத்தை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்கே பெற்றுத் தருவதென்றும் தீர்மானித்ததிலிருந்து, அம்பத்தூர், பாடி, பூந்தமல்லிப் பட்டறைக்கார வாசகர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: சர்க்கார் செய்தால் அபிவிருத்தி, நாம் செய்தால் குற்றமா?

சட்டப்படி குற்றந்தான். கேரளத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் வினீத் சரணும் 2019 ஜனவரி 9 அன்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்குச் செய்த வியாக்கியானத்துக்குப் பிறகு, கேஸ் கிட், பேட்டரி கிட் போன்றவை நீங்கலாக, ஆர்.சி. விவரம் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறுபடும்படி எதையும் செய்ய இடமில்லை. அவ்வாண்டுத் திருத்தம் சேர்த்த 182ஏ(4), மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. டாங்கிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஆர்.சி. கிடையாது, விவகாரம் அதோடு முடிந்தது. பதிவே இல்லாமல், லாரியில் ஏறி இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போய்த் திரும்பும் பந்தயக் கார்களுக்கும் பாதகமில்லை.

தீர்ப்பை நாம் ஆட்சேபிக்கவில்லை; நமது ஆதங்கம் வேறு. திருவள்ளூரில் 1998 முதல் தயாரான லான்சரைப் பாருங்கள். அதே தலைமுறை உடலமைப்பில் ஜப்பானில் விற்ற எவல்யூஷன் நான்கின் 4ஜி63 டர்போ என்ஜின் 280 குதிரைத்திறனும் 36 கிலோகிராம்-மீட்டர் டார்க்கும் தருவது. நம் 1500 சி.சி. லான்சரின் கியர்பாக்ஸ் பழகியதோ அந்த டார்க்கில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். மிட்சுபிஷி அந்த என்ஜினை வைத்தபோது கிளட்ச், கியர்பாக்ஸ், இழுவை அமைப்பு யாவற்றையும் மாற்றியது; அதை லான்சரில் ஏற்றும் நம் ஆர்வலர் மவுண்டிங்கை வெட்டி வெல்டிங் வைப்பதோடு திருப்தி அடைகிறார். டார்க் ஏற ஏற, ஹெலிகல் பற்கள் இரு ஷாஃப்டுகளையும் விலக்கித் தள்ளும் விசையும் ஏறி, அலுமினியக் கேசிங் மயிரிழை விரிந்து, பல்லின் நடுவில் விழவேண்டிய தொடுகை ஓரத்துக்கு நகர்ந்து, அடிவேரில் பிளவு பிறக்கிறது. வேஸ்ட் பஞ்சில் சுற்றி நம் மேஜைக்கு வந்த மூன்றாம் கியர் ஒன்றில், முறிந்த பல்லின் பாதி முகம் அலை வடிந்த மணல்போல் வரிவரியாக வழவழத்திருந்தது. மறுபாதி, ஒரே கணத்தில் முறிந்த கரடு. உரிமையாளர் ஹீட் ட்ரீட்மென்டைக் குறை சொன்னார். கேஸ் டெப்த் அளந்தால் சரியாகவே இருந்தது. பழி மட்டும் பல் வெட்டியவனுக்கு.

இந்தக் கியர்ப் பெட்டியைப் பற்றி ஆர்.சி. என்ன சொல்கிறது? என்ஜின் எண், சேஸிஸ் எண், சிலிண்டர் எண்ணிக்கை உண்டு; வண்டியின் நிறம்கூட உண்டு; கியர்பாக்ஸுக்கு ஒரு கட்டம் இல்லை. பலவீனமான பெட்டியைப் பலப்படுத்தியவனும், தேய்ந்த பெட்டியைத் திணித்தவனும் சட்டத்தின் முன் சரிசமானம். ஆஸ்திரேலியாவின் வி.எஸ்.பி. 14 என்ற விதித்தொகுப்பு என்ஜினுக்கு எல்.ஏ., டிரான்ஸ்மிஷனுக்கு எல்.பி. எனத் தனித்தனி அத்தியாயமே வகுத்திருக்கிறது. நம் அதிகாரிகளோ, ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. பரிசோதனை மையத்தை வைத்துக்கொண்டே, மோட்டார் வாகன விதிகளில் 126ஆம் விதியின் புரோட்டோடைப் சோதனையை உற்பத்தியாளருக்கும் இறக்குமதியாளருக்கும் உரியதாக நிறுத்திவிட்டு, 1964 முதல் இயங்கும் அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கைத்திறனைச் சந்தேகக் கண்ணால் மட்டுமே பார்க்கிறார்கள். தடை விதிக்க ஒரு வரி போதும். தரம் பிரிக்க ஒரு படிவம் அச்சிட மனம் வரவில்லை. கலந்தாலோசிக்க நம் தொழிலிலிருந்து ஒருவரை அழைத்தார்களா? நமக்கு அழைப்பு வந்ததில்லை.

படிவம் வரும்வரை வாசகர்கள் செய்யக்கூடியது இவ்வளவே: ஆர்.சி.க்கு மாறான என்ஜினோடு ரோட்டில் ஓடும் காருக்குப் பெட்டி கட்டித் தராதீர்கள். பந்தயக் காருக்குக் கட்டினால், எத்தனை கிலோகிராம்-மீட்டருக்குக் கட்டினீர்கள் என்பதைப் பில்லில் எழுதி, வாங்குபவரின் கையெழுத்தையும் அதன் கீழேயே பெற்றுக்கொள்ளுங்கள்.