புது வீட்டின் குளிர்ச்சி கூரையில் தொடங்க வேண்டும்

திருவனந்தபுரத்தில் பணி ஓய்வுத் தொகையையும் வங்கிக் கடனையும் சேர்த்து வீடு கட்டத் துணியும் தமிழ்க் குடும்பங்கள் பல. நகரைச் சுற்றி நாலைந்து சென்ட் நிலத்தில் எழும் இவ்வீடுகள், பெரும்பாலும் சென்னையிலோ திருநெல்வேலியிலோ உறவினர் கட்டிய வீட்டின் சாயலிலேயே அமைகின்றன. தட்டையான கான்கிரீட் தளம், குட்டையான சன்ஷேடு, பெரிய கண்ணாடி ஜன்னல். கிரகப்பிரவேசம் முடிந்து முதல் சித்திரை வந்ததும் வீட்டுக்காரர் ஏர்கண்டிஷன் கடையைத் தேடிப் போகிறார். அஸ்திவாரத்துக்கு முன்பே வரவேண்டிய யோசனை கடைசியில் வருவதுதான் இன்றைய சங்கடத்துக்கு மூல காரணம்.

வெயிலும் புழுக்கமும்

குளிர்காயும் ஏற்பாடு இந்நகருக்குத் தேவையே இல்லை. ஏப்ரலில் பகல் உஷ்ணம் பெரும்பாலும் 33, 34 டிகிரிதான். மதுரை, திருநெல்வேலி வெயிலோடு ஒப்பிட்டால் இது குறைவே. ஆயினும் அங்கிருந்து வருவோர் இங்கேதான் அதிகம் தவிக்கின்றனர். காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. நெல்லையில் ஓரளவு பயன்படும், தண்ணீர் ஊற்றும் ஏர் கூலர் இங்கே வந்ததும் பயனற்றுப் போவதும் இதனால்தான். ஏற்கெனவே ஈரமான காற்றில் அது மேலும் ஈரத்தைச் சேர்க்கிறது, அவ்வளவே. ஆக, இங்கே வீடு செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. ஒன்று வெயிலை உள்ளே விடாதிருப்பது. மற்றொன்று காற்றை நிற்க விடாதிருப்பது.

மின்சாரக் கணக்கு

ஏர்கண்டிஷன் எளிய வழி என்று தோன்றலாம். ஆனால் கேரள மின்கட்டண முறையில் மாத உபயோகம் 250 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்ல, முதல் யூனிட்டிலிருந்தே உயர்ந்த விகிதம் கணக்கிடப்படுகிறது. இரவில் 8 மணி நேரம், மணிக்கு 1 யூனிட் என்று கொண்டால் ஒரு சாதனம் மட்டுமே மாதம் 240 யூனிட் விழுங்கும். புதிய இன்வெர்ட்டர் வகை இதிலும் குறைவாக எடுத்துக்கொள்ளும் என்றாலும், வீட்டின் மற்ற உபயோகமும் இதோடு சேரும்.

மாநிலத்தின் நிலையும் இதுதான். 2024 மே மாதத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. முன்பு அந்தி நேரத்தில் வந்துகொண்டிருந்த உச்சம், படுக்கையறைச் சாதனங்களால் நள்ளிரவை நோக்கி நகர்ந்துவிட்டது. தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் மாநிலம் இது. சூரிய மின்சாரம் இல்லாத வேளையில் ஏறும் இச்சுமையின் செலவு கடைசியில் நுகர்வோர் தலையிலேயே விழும்.

தலைக்கு மேல் சூரியன்

பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரை டிகிரியில் உள்ள நகரம் இது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். எனவே வீட்டில் அதிக வெப்பம் வாங்குவது கூரைதான். பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட், இரவு பத்து மணிக்கும் படுக்கையின் மேல் அனலைக் கொட்டுகிறது. சுவர்களுக்குச் செலவிடுமுன் கூரையைக் கவனிப்பதே முறை. மட்டுப்பாவுக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பது மலிவான வழி. தளத்துக்கு மேல் இடைவெளி விட்டு, பக்கங்களைத் திறந்து வைத்து, ஓடோ தகடோ வேய்ந்தால் வெயிலும் மழையும் தளத்தைத் தொடா.

சுவர்களில் சிக்கலானது மேற்குச் சுவர். கடற்காற்று வருவதும் மேற்கிலிருந்து. மாலை வெயிலும் காலவர்ஷச் சாரலும் வருவதும் அங்கிருந்தே. ஜன்னலே வைக்காவிட்டால் காற்று போகும். அகலமாகத் திறந்து வைத்தால் வெயில் புகும். இரண்டரை, மூன்று அடி நீளும் இறவாரமோ ஒரு திண்ணையோ இதற்குப் பரிகாரம். காற்று உள்ளே வந்தால் மட்டும் போதாது. எதிர்ப்புறம் அது வெளியேறவும் வழி வேண்டும்.

நகரமே காட்டும் வழி

இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் தாழ்ந்த ஓட்டுக் கூரையும் மரச்சட்ட அழிகளும் செய்வது இதையே. சென்னையில் அரசுக் கட்டடக் கலைஞராக இருந்த ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1880ல் முடிந்த நேப்பியர் மியூசியமும் காற்றோட்டத்தை நம்பிக் கட்டப்பட்டதே.

அண்மைக் காலத்தில் இதை ஏழைக்கும் எட்டும் விலையில் செய்து காட்டியவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, 2007ல் மறையும் வரை இந்நகரில் வாழ்ந்தவர். தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அருகே செங்கல் வட்டமாய்ச் சுழன்றேறும் இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியதே. அவர் கையாண்ட முறையில் செங்கற்கள் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டப்படுகின்றன. சுவரின் நடுவே காற்றறை அமைகிறது. செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகிறது. கூரைத் தளத்தின் அடிப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பதிலாக ஓடுகளைப் பதிப்பதால் பாரமும் செலவும் குறைகின்றன.

உள்ளூர் வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு அவர் கட்டிய கம்ப்யூட்டர் கட்டடம் சிந்திக்கத்தக்கது. இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடான குளிர்ச்சி தேவை. அவர் வெளியே செங்கல் ஜாலியாலான ஒரு சுவரும் உள்ளே மூடிய மற்றொரு சுவருமாக இரட்டைச் சுவர் எழுப்பினார். முதலில் நிழல், பிறகு சாதனம் என்ற வரிசையை அங்கே காணலாம்.

இம்முறைகளுக்கு ஆட்சேபங்களும் உண்டு. ஜாலி வழியே கொசுவும் தூசியும் வரும்; பூசாத சுவருக்கு நல்ல செங்கலும் தேர்ந்த கொத்தனாரும் வேண்டும்; அக்கம்பக்கத்து மதில்கள் நெருங்கிய மூன்று சென்ட் மனையில் காற்றே குறைவு. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் கூரையின் வெள்ளைப் பூச்சுக்கும் நீண்ட இறவாரத்துக்கும் இந்த ஆட்சேபங்கள் எதுவும் பொருந்தா.

ஏர்கண்டிஷன் வேண்டாம் என்பதல்ல வாதம். முதியோரும் நோயாளியும் உள்ள வீட்டில் ஓர் அறைக்கு அது அவசியமாகலாம். அவ்வறையை முன்கூட்டியே தீர்மானித்து, மேற்கு வெயில் படாத பக்கத்தில் வைத்து, கதவு ஜன்னல் இடுக்குகளை அடைத்துக் கட்டலாம். மற்ற அறைகள் திறந்தே இருக்கலாம். தேவைக்கு மேற்பட்ட பெரிய சாதனம் வாங்குவதும் தவறு. அது சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், காற்றின் ஈரத்தைப் போதிய அளவு வாங்காது. அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். 24 டிகிரிக்குக் கீழே போகாமல், மின்விசிறியையும் கூடவே ஓடவிட்டால் பெரும்பாலோர்க்குப் போதும்.

விதி யாருக்கு?

மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு உச்சவரம்பு வகுத்தது. வெறும் கான்கிரீட் தளம் அவ்வரம்பைப் போல் இரு மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள, அதாவது ஏறக்குறைய 12 சென்ட் மனைகளுக்கே வகுக்கப்பட்டது. ஐந்து சென்ட் வீட்டுக்காரர் அதன் கண்ணில் படவில்லை. 2017ல் தொடங்கிய லைஃப் திட்டத்தில் நாலு லட்சம் ரூபாய் உதவியோடு சிறு வீடு கட்டிய குடும்பமும் அப்படியே. வெயில் தாளாதபோது சாதனம் வாங்க வசதியற்ற அவர்களுக்கே நல்ல கூரை மிக அவசியம்.

வரைபடத்துக்கு அனுமதி தரும் உள்ளாட்சியும் கடன் தரும் வங்கியும் கூரைக்கு என்ன ஏற்பாடு என்ற ஒரு கேள்வியை மனுவில் சேர்த்தால் போதும். புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. அதுவரை வீடு கட்டுவோர் தாமே அக்கேள்வியைக் கொத்தனாரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. தளம் வார்த்த பிறகு கேட்டால் விடைக்கு விலை அதிகம்.