சிறிய லீவர், பெரிய அமானிதம்

வாப்பாவின் காலத்து ஜீப் ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. மிளகும் கராம்பும் ஏற்றுவதற்கும், கார் ஏறாத மலைப்பாதையில் வீட்டாரைக் கொண்டு சேர்ப்பதற்கும் அதுதான் துணை. அமெரிக்காவின் வில்லிஸ் ஆகட்டும், அதன் அனுமதியோடு 1940களின் இறுதியில் இந்தியாவில் பொருத்தத் தொடங்கிய மஹிந்திரா ஆகட்டும், 1953 முதல் ஜப்பானில் பொருத்திய மிட்சுபிஷி ஜீப் ஆகட்டும், எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தாம். இந்த ஜீப்பைப் புதுப்பிக்க நினைக்கும் இளைஞர்களின் கண் சீக்கிரமே ட்ரான்ஸ்பர் பொக்ஸிலும் அதன் லீவர்களிலும் போய் விழுகிறது. அங்கே ஸ்பானர் வைக்கு முன் அறிந்திருக்க வேண்டியவற்றை இம்மாதம் பார்ப்போம்.

கியர் பொக்ஸுக்குப் பின்னால் பூட்டப்பட்டிருப்பது ட்ரான்ஸ்பர் பொக்ஸ். அதற்கு இரண்டு வேலைகள். எஞ்சினின் விசையை முன் சில்லுகளுக்கும் பின் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுப்பது ஒன்று. வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் ‘லோ’ கியரைத் தருவது மற்றொன்று. 1941இல் வந்த வில்லிஸ் இராணுவ ஜீப் தொடங்கி 1971ஆம் ஆண்டின் சீஜே-5 வரை பயன்பட்டது ஸ்பைசர் 18 எனும் பெட்டி. பிற்காலத்தில் டானா 18 என்ற பெயரும் அதற்கு வழங்கியது. கியர் லீவரின் பக்கத்தில் நிற்கும் இரண்டு சிறிய லீவர்களும் இந்தப் பெட்டிக்குரியவை. ஒன்று முன் சில்லுகளை இணைக்கும். மற்றொன்றுக்கு ஹை, நியூட்ரல், லோ என மூன்று நிலைகள்.

பெட்டியை மாற்றினால் இழுவை கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1945இல் வந்த சீஜே-2ஏ ஜீப்பின் முதல் கியர் விகிதம் 2.798. ட்ரான்ஸ்பர் பொக்ஸின் லோ 2.46. டிஃபரன்ஷியல் 5.38. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 37 வரும். அதாவது எஞ்சின் 37 சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். 1972 முதல் சீஜே ஜீப்புகளில் வந்த டானா 20 பெட்டியின் லோ விகிதம் 2.03தான். அதைப் பொருத்தினால் 37 என்பது 31க்கு இறங்கிவிடும்! 1980 முதல் 1986 வரை வந்த டானா 300 பெட்டியில் அது 2.62. அதைப் போட்டாலும் 39தான். புதியதெல்லாம் கூடியது என்று எண்ணுவது இங்கே பொருந்தாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பெட்டியில் பின் சில்லுகளுக்கான ப்ரொப்பலர் ஷாஃப்ட் வலப்பக்கமாக ஒதுங்கி வெளியே வரும். பின் டிஃபரன்ஷியலும் அதற்கேற்ப வலப்பக்கம் ஒதுங்கியே இருக்கும். புதிய பெட்டிகளில் அது நடுவே வரும். ஆகவே பெட்டியை மட்டும் மாற்ற முடியாது, பின் அக்ஸலையும் மாற்ற வேண்டிவரும். ஒரு செலவு என்று தொடங்கியது மூன்று செலவாக முடியும்.

பழைய பெட்டியை வைத்துக்கொண்டே உள்ளே 3.15 விகிதக் கியர்களைப் போடுவது மற்றொரு வழி. அப்போது 37 என்பது 47 ஆகும். செங்குத்தான பள்ளத்தில் பிரேக்கை மிதிக்காமலே எஞ்சின் பிடித்துக்கொண்டு இறங்குவதற்கு இது நல்ல உதவி. ஆனால் பின்னால் உள்ள ஷாஃப்டுகளும் அக்ஸலும் முன்னரைவிட 28 வீதம் கூடிய முறுக்கைத் தாங்க வேண்டும். ஓரிடத்தில் பலத்தைக் கூட்டினால் பலவீனம் அடுத்த இடத்துக்குக் குடிபெயரும் என்பதை மறந்துவிடலாகாது.

இனி லீவர்கள். பெட்டியினுள் இரண்டு லீவர்களின் கம்பிகளுக்கும் இடையே ஒரு சிறிய உருக்குத் துண்டு இருக்கிறது. முன் சில்லுகளை இணைக்காமல் லோ கியர் விழாதபடி தடுப்பதுதான் அதன் வேலை. லோவின் முழு முறுக்கையும் பின் அக்ஸல் மட்டும் தாங்கினால் ஷாஃப்ட் முறியும் என்பதற்காகவே அதைச் செய்தவர்கள் அங்கே வைத்தார்கள். வளைவுகளில் இலகுவாகத் திரும்பலாம் என்று சிலர் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். என்ன செய்கிறோம் என்று தெரிந்தவர், வெறுமையான நிலத்தில் தனியாக ஓட்டுவதற்காக அப்படிச் செய்யலாம். நாளைக்குத் தம்பியோ மருமகனோ எடுத்து ஓட்டப்போகும் குடும்ப வாகனத்தில் அந்தக் காவலை நீக்குவது தகாது.

எல்லாவற்றிலும் முக்கியமானது நியூட்ரல். அந்தச் சிறிய லீவர் நியூட்ரலில் நின்றால், கியர் பொக்ஸுக்கும் சில்லுகளுக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடுகிறது. முதல் கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் வாகனம் உருளும். பள்ளத்தில் இறங்கும்போது லீவர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்தால், எஞ்சினின் பிடி அந்தக் கணமே போய்விடும். மிஞ்சியிருப்பது பழைய டிரம் பிரேக் மட்டும். அதுவும் இந்தப் பழைய ஜீப்புகளில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஹைட்ரோலிக் தொடர்தான். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு.

ஹேண்ட் பிரேக்கோ சில்லுகளில் இல்லை. ட்ரான்ஸ்பர் பொக்ஸின் பின்புறம், ப்ரொப்பலர் ஷாஃப்டில் பிடிக்கிறது. ஆகவே பின் சில்லு ஒன்றை ஜெக்கில் தூக்கிய உடனே அந்தப் பிடியும் பயனற்றுப் போகலாம். தூக்கிய சில்லு ஒரு பக்கம் சுற்ற, நிலத்தில் உள்ள சில்லு மறுபக்கம் உருளும். சில்லுகளுக்குக் கட்டை கொடுக்காமல் எவரும் அந்த ஜீப்பின் கீழ் படுக்கக் கூடாது. சிறுவர்களை அருகில் விடவே கூடாது.

லீவர் கழல்வதற்குக் காரணம் பெரும்பாலும் சிறியதுதான். கம்பியின் பள்ளத்தில் விழுந்து அதைப் பிடித்து வைக்கும் குண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். கியரை நகர்த்தும் ஃபோர்க் தேய்ந்திருக்கும். கியர்ப் பல்லின் ஓரம் மழுங்கியிருக்கும். அல்லது பொடியின் ரப்பர்கள் அமிழ்ந்து, தட்டிலுள்ள துவாரத்தின் விளிம்பில் லீவர் முட்டி, கியர் முழுமையாக விழாமல் இருக்கும். இந்தக் கடைசிக் குறைக்குப் பெட்டியைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை, தட்டைச் சரிசெய்தால் போதும். காய்ந்த தார்ப் பாதையில் முன் சில்லுகளை இணைத்து ஓட்டினால் பெட்டிக்குள் முறுக்கு ஏறி லீவர் இறுகும். அப்போது லீவரைச் சுத்தியலால் அடிக்காமல், சற்றுப் பின்னோக்கி எடுத்தால் அது விடுபடும்.

ஆகவே வேலையை வரிசையாகச் செய்யுங்கள். முதலில் ஒயிலை வடித்து அதில் உலோகத் துகள் இருக்கிறதா பாருங்கள். கியர் பொக்ஸிலிருந்து ட்ரான்ஸ்பர் பொக்ஸுக்கு ஒயில் கசிந்து போவது பழைய ஜீப்பில் வழமை. ஒன்று குறைய மற்றது கூடும், இரண்டின் அளவையும் சேர்த்தே பாருங்கள். அடுத்து உள்ளே நடுவிலுள்ள கியரைத் தாங்கும் ஷாஃப்ட். யுத்தகாலப் பெட்டிகளில் அது மெல்லியது, பின்வந்தவற்றில் தடிப்பானது. கூடிய விகிதக் கியர் வாங்கு முன் உங்களுடையது எது என்று அளந்து பாருங்கள். பிறகு பெயாரிங், ஸ்பிரிங், குண்டு, ஃபோர்க். அதன்பின் லீவர்களின் ஆணியும் புஷ்ஷும். இத்தனையும் முடிந்து, பிரேக்கும் சரியென்றான பின்னரே புதிய கியரைப் பற்றி யோசியுங்கள்.

இன்னொன்று. வீட்டில் ஜீப் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் சமதரையில் வைத்து அந்த நியூட்ரலைக் காட்டிக் கொடுங்கள். முதல் கியரில் இருக்கும் ஜீப் கையால் தள்ளவே உருள்வதை ஒருமுறை கண்ணால் கண்டவர் பிறகு மறக்கமாட்டார். லீவர்களின் நிலைகளை எழுதிய தகடு டேஷ்போர்டில் அழிந்துபோயிருந்தால், தெளிவாக எழுதி ஒட்டுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது. மலைப்பாதையில் ஜீப்பை நிறுத்துகிறவருக்கு அதன் பொருள், சிறிய லீவர் நியூட்ரலில் இல்லையென்று கையால் தொட்டுப் பார்ப்பதும், சில்லுக்கு ஒரு கல் கொடுப்பதும்தான். பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் உம்மாவும் பிள்ளைகளும் லீவர்களைப் பற்றி ஒன்றும் அறியமாட்டார்கள். ஓட்டுகிறவரை நம்பி ஏறியிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைதான் அமானிதம்.