குப்பைமேடும் மின்விளக்கும்

2016ஆம் ஆண்டு நடுவணரசு நடத்திய தூய்மைக் கணக்கெடுப்பில் 73 நகரங்களுள் மைசூரு முதலிடம் பெற்றது. அதே நகரின் தென்புறத்தில், வித்யாரண்யபுரத்தை அடுத்துச் 'சூயேஜ் பார்ம்' என மக்கள் அழைக்கும் இடத்தில், பல்லாண்டுக் குப்பை மேடாக உயர்ந்து நின்றது. தெருக்கள் தூய்மையாயின, நாற்றமோ அம்மேட்டின் அருகில் குடியிருப்போரைச் சென்றடைந்தது. பரிசைப் பேசுவோர் இதனையும் பேசுதல் வேண்டும்.

இத்தகைய மேடுகளிலிருந்து மின்சாரம் எடுக்க இயலும். காய்கறித் தோலும் எஞ்சிய சோறும் காற்றுப் புகாத ஆழத்தில் புதையுண்டால், நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து வாயுவாக்குகின்றன. அவ்வாயுவில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். எஞ்சியதில் பெரும்பகுதி கரியமிலவாயு. மேட்டை மண்ணால் மூடித் துளையிட்ட குழாய்களை உள்ளே இறக்குவர். உறிஞ்சிய வாயுவின் ஈரத்தையும் கந்தகச் சேர்மங்களையும் நீக்கி இயந்திரத்தில் எரிப்பர். அதனோடு இணைந்த மின்னாக்கி சுழலும். பிடிக்காமல் விட்டால் மீத்தேன் வானில் கலந்து, இருபது ஆண்டுக் காலத்தில், அதே எடையுள்ள கரியமிலவாயுவைப் போல் எண்பது மடங்குக்கு மேல் புவியை வெப்பமாக்கும். ஆகவே பழைய மேட்டின் வாயுவைப் பிடிப்பது நல்ல பணியே.

ஆயினும் மின்சாரம் கிடைக்கிறது என்பதற்காகக் குப்பையை மேலும் மேலும் குவிப்பது பெரும் பிழை. மூடாத மேட்டில் வாயுவின் பெரும்பகுதி தப்பிவிடும். நன்கு மூடிய மேட்டிலும் முழுவதும் அகப்படாது. ஆண்டுகள் செல்லச் செல்ல வாயுவும் குறையும். தீ அச்சமும் உண்டு. 2023 மார்ச்சில் கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பற்றிய தீ பத்து நாட்களுக்கு மேல் புகைந்து நகரையே இருமச் செய்தது.

சென்னைக் கோயம்பேட்டில் வேறொரு வழி மேற்கொள்ளப்பட்டது. நாள்தோறும் 30 டன் சந்தைக் கழிவை மூடிய கலனில் நொதிக்கச் செய்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 2005ஆம் ஆண்டு அங்கு நிறுவப்பட்டது. கழிவு மேடாகும் முன்பே வாயுவாகிவிடுவதால் இவ்வழியே மேலானது. மைசூருவின் தேவராஜ மார்க்கெட்டிலும் வாழையிலை, வாடிய பூ, கீரைத்தண்டு ஆகியவற்றுக்குக் குறைவில்லை. கும்பாரகொப்பலில் குப்பையைத் தரம் பிரித்து உரமாக்கிய பழக்கமும் இந்நகருக்கு உண்டு. அத்தகைய கலன் ஒன்று இங்கும் அமைதல் வேண்டும்.

கிடைக்கும் மின்சாரம் மிகச் சிறிது என்பர் சிலர். உண்மைதான். 1902ஆம் ஆண்டிலேயே சிவனசமுத்திர அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பிய நாட்டிற்கு இது ஒரு பொருட்டன்று. ஆனால், இங்கு எண்ண வேண்டியது எத்தனை விளக்குகள் எரிந்தன என்பதை அன்று. எத்தனை லாரிக் குப்பை வித்யாரண்யபுரத்திற்குப் போகவில்லை என்பதையே.

இதற்கு வீடுகளின் துணையும் வேண்டும். சாம்பார்க் காய்த்தோலோடு பால் உறை ஒன்று கலந்தால் கலனின் குழாய் அடைபடும். அவ்வுறையைத் தேடி அழுகலுக்குள் கைவிட வேண்டியவர், மாநகராட்சியின் துப்புரவுத் தொழிலாளி.