"சாமியாரைக் கேளுங்கள்"

"உங்க வேதத்துல இதுக்கு என்ன அர்த்தம்?" என்று பக்கத்து வீட்டுக்காரர் எதையாவது கேட்டால், திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்துக் கத்தோலிக்கர் பலரிடமிருந்து வரும் பதில் இதுதான்: "அதெல்லாம் சாமியாரைத்தாங்க கேக்கணும்." கேட்டவர் சாமியாரைத் தேடிப் போகமாட்டார். பேச்சு மழைக்கும் மாட்டுக்கும் திரும்பிவிடும். பதில் சொன்னவருக்கு அதில் குறையேதும் தோன்றாது. பூசை வைப்பது, பிரசங்கம் செய்வது போல, நற்செய்தி சொல்வதும் அங்கி போட்டவரின் உத்தியோகம் என்பது அவர் எண்ணம். சபைக் கிறிஸ்தவர்களிடம் இதே எண்ணம் வேறு உருவத்தில் இருக்கிறது. அங்கே அது "முழுநேர ஊழியக்காரர்" வேலை. காணிக்கை கொடுத்துவிட்டால் தம் பங்கு முடிந்தது என்று வீடு திரும்புகிறவர்கள் அங்கும் ஏராளம்.

பரவலான இந்த நம்பிக்கை தவறானது. தமிழ்நாட்டில் கிறிஸ்தவம் பரவிய வரலாற்றுக்கே இது முரணானது. அதைக் காட்ட ரோமாபுரி வரை போக வேண்டியதில்லை, விராலிமலைப் பக்கத்து ஆவூர் போதும்.

ஆவூர், இயேசு சபையினர் நடத்திய பழைய மதுரை மிஷனின் முக்கியமான தலங்களில் ஒன்று. பிரான்சு நாட்டு இயேசு சபைக் குரு ஜான் வெனான்சியுஸ் பூஷே அங்கே கோயில் எழுப்பினார். வீரமாமுனிவர் அங்கே பணியாற்றினார். இப்போது நிற்கும் கோயில் 1747இல் கட்டப்பட்டது. ஊரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் இந்த மூன்று செய்திகளோடு முடிந்துவிடும். சுற்றுலாக் குறிப்புகள் சிலவற்றில் பூஷே 1547இல் கோயில் கட்டியதாகவும் அச்சாகியிருக்கிறது. அவர் பிறந்ததே 1655இல்! நூறு வருடம் முன்னே பின்னே போனாலும் சாமியார் பெயர் மட்டும் தவறிவிடக் கூடாது என்பதில் நம்மவர்கள் கண்ணாக இருக்கிறார்கள்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், எல்லாம் சாமியார்களே செய்தார்கள் என்ற கதை நிற்காது. மதுரை, திருச்சி, தஞ்சாவூர், மறவர் சீமை என்று விரிந்துகிடந்த அந்த மிஷனில் ஒரே சமயத்தில் இருந்த குருக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்கள் போனதோ பெரும்பாலும் கால்நடையாக. நடுவில் படையெடுப்பு, பஞ்சம், பாளையக்காரர் சண்டை, சிறைவாசம். ஒரு சிற்றூர் தன் குருவின் முகத்தைப் பார்ப்பதே அரிது. அவர் வந்து தங்கும் சில நாள்களுக்குள் பாவசங்கீர்த்தனம், பூசை, ஞானஸ்நானம் எல்லாம் முடிந்தாக வேண்டும். மற்ற நாள்களில் செபம் சொல்லிக்கொடுத்தது யார்? சாகக் கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்தது யார்? விசாரிக்க வந்த அண்டை ஊர்க்காரருக்குப் பதில் சொன்னது யார்? உபதேசியார். அவருக்கும் எட்டாத இடத்தில் வீட்டிலிருந்த பாட்டி.

இது வீரமாமுனிவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தேம்பாவணி பாடிய அந்தப் பெரும்புலவர், உபதேசியார்களுக்கென்றே உரைநடையில் எழுதிய நூல் "வேதியர் ஒழுக்கம்". தமிழ் உரைநடையின் தொடக்ககால நூல்களில் ஒன்று என்று இலக்கிய வரலாற்றுப் பாடத்தில் அதைப் படித்து மதிப்பெண் வாங்குகிறோம். யாருக்காக அது எழுதப்பட்டது என்பதை யோசிப்பதில்லை. காவியத்தின் நடையை அறவே விட்டுவிட்டு, எளிய உரைநடையில் உபதேசியாருக்குப் புத்தி சொல்ல உட்கார்ந்தார் என்றால், தம் மிஷன் யார் தோளில் நிற்கிறது என்று அவருக்கு ஐயமே இருந்திருக்காது.

மறவர் சீமை ஓரியூரின் கதையையும் அந்தக் கண்ணோடு பார்க்கலாம். 1693 பிப்ரவரி 4இல் அருளானந்தர் என்னும் இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ அங்கே வெட்டிக் கொல்லப்பட்டார். அதற்கு உடனடிக் காரணம், நோயில் கிடந்த மறவர் இளவரசர் தடியத்தேவன் கிறிஸ்தவரானது. ஞானஸ்நானம் பெற்றபின் அவர் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி மறவர் சீமை மன்னர் கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அங்கிருந்துதான் வினை தொடங்கியது. ஆனால் நோயாளி ஆள் அனுப்பியபோது முதலில் போனது அருளானந்தர் இல்லை. அவர் அனுப்பிய ஓர் உபதேசியார் போய்ச் செபித்தார், சுவிசேஷம் சொன்னார். நோயாளி எழுந்த பிறகே குரு வந்தார். ஓரியூர் செம்மண்ணை அள்ளி நெற்றியில் பூசிக்கொள்ளும் பக்தர்களில் அந்த உபதேசியாரை நினைப்பவர் எத்தனை பேர்?

இன்னும் வலுவான சாட்சி குருக்கள் இல்லாமற்போன காலம். 1759இல் போர்ச்சுகல் இயேசு சபையைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து விரட்டியது. 1773இல் திருத்தந்தையே அந்தச் சபையைக் கலைத்தார். பழைய மதுரை மிஷன் பட்டுப்போனது. கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த சிலர் அங்குமிங்கும் ஓடித் தாங்கிப் பிடித்தார்கள். ஆனால் அத்தனை ஊர்களுக்கு அவர்கள் எந்த மூலைக்குப் போதும்? பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் புதிய மதுரை மிஷனைத் தொடங்கியது 1838இல். இடையில் இரண்டு மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்திருந்தது. நற்செய்தி சாமியார் வேலை என்பது உண்மையானால், திரும்பி வந்தவர்கள் கண்டிருக்க வேண்டியது பாழடைந்த கோயில்களை மட்டும்தான். அவர்கள் கண்டதோ சச்சரவுகளும் குறைகளும் நிறைந்த, ஆனால் உயிரோடிருந்த கிறிஸ்தவ ஊர்களை. மாலையில் விளக்கேற்றி மந்திரம் சொல்லவைத்த தாய்மார்களும், தலைமாட்டில் நின்று செபம் ஓதிய பெரியவர்களும் அந்த நம்பிக்கையைக் கைமாற்றிக் கொடுத்திருந்தார்கள்.

தெற்கே ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. திருவிதாங்கூர் அரண்மனை ஊழியர் நீலகண்ட பிள்ளையின் கால்நடைகள் செத்தன, குடும்பத்தில் அடுத்தடுத்துத் துன்பம். அவருடைய மேலதிகாரி டி லனாய், 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனியின் படைத்தலைவர், பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி தந்தவர். அவர் குருவும் இல்லை, உபதேசியாரும் இல்லை. போரில் தோற்றுச் சிறைப்பட்ட படைவீரர். உடன் வேலை செய்பவரின் வாடிய முகத்தைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்தார், யோபுவின் கதையைச் சொன்னார். உதயகிரிக் கோட்டையில் வேலை செய்த இரண்டு பேருக்கு இடையே நடந்த பேச்சு அது. 1745இல் நீலகண்ட பிள்ளை வடக்கன்குளத்தில் தேவசகாயமாக ஞானஸ்நானம் பெற்றார். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15இல் புனிதராக அறிவிக்கப்பட்டபோது இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் என்று தமிழ்நாடெங்கும் கொண்டாடினோம். அந்தக் கொண்டாட்டத்தில் பிரசங்கம் செய்தவர்கள் குருக்கள், கைதட்டியவர்கள் பொதுநிலையினர்.

புரோட்டஸ்டண்ட் பக்கத்திலும் இதே கதைதான். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் தஞ்சாவூரில் உறவினர் மூலமாகக் கிறிஸ்தவத்தை அறிந்தார், வேதமாணிக்கம் என்று பெயர் பெற்றார், ஊர் திரும்பித் தம் வீட்டாருக்கும் உறவுக்கும் சொன்னார். மிஷனரி ரிங்கல்தௌபே தென் திருவிதாங்கூருக்கு வந்தது அதற்குப் பிறகு, 1806இல். மிஷனரி வந்தபோது சபை ஏற்கெனவே முளைவிட்டிருந்தது.

இவ்வளவு இருந்தும் "நமக்கு எதற்கு வம்பு" என்கிறார்கள். சட்டத்தைக் காட்டுகிறார்கள். அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்ற மட்டுமல்ல, பரப்பவும் உரிமை தருகிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் "பரப்ப" என்னும் அந்தச் சொல்லை நீக்கச் சொன்னவர்கள் உண்டு. அதைக் காக்கப் பேசியவர்களில் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் கே. சந்தானமும் இருந்தார்கள். இருவருமே தமிழ்நாட்டு இந்துக்கள். தாம் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் தம்மை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்று கிருஷ்ணமாச்சாரி அந்தச் சபையிலேயே சொன்னார். பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004இல் திரும்பப் பெறப்பட்டது. இதில் எதுவும், கேட்ட நண்பருக்கு ஒரு விசுவாசி தன் நம்பிக்கையைச் சொல்வதைத் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடப்பவர் கையில் துண்டுப்பிரசுரத்தைத் திணிப்பது, ஒலிபெருக்கியை அடுத்த தெருக் கோயிலுக்கு நேராகத் திருப்பிவைப்பது, கடன் கொடுத்துவிட்டு ஆலயத்துக்குக் கூப்பிடுவது ஆகியவற்றை எதிர்க்க வேண்டும்தான். இன்றைக்கு இவை கண்ணை உறுத்துவதற்கு ஒரு காரணம், இயல்பாகப் பேச வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டது. களத்தில் ஒலிபெருக்கி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மற்ற மதத்தாரை மதிப்பதால்தான் பேசுவதில்லை என்பது அடுத்த சமாதானம். திருச்சியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளையை இவர்கள் நினைத்துப் பார்க்கலாம். மாயூரத்தில் முன்சீப் உத்தியோகம் பார்த்த கத்தோலிக்கர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு நெருங்கிய நண்பர். திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரைப் பாடியவர். தம் நம்பிக்கையை அவர் யாரிடமும் மறைத்ததில்லை, அதற்காக யார் நட்பையும் இழந்ததும் இல்லை. சர்வ சமய சமரசக் கீர்த்தனை எழுதியவர் அவர். மனம் திறந்து பேசினால் உறவு கெடும் என்று அஞ்சுகிறவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டு மாயூரத்தில் கெடாத உறவு தங்கள் தெருவில் ஏன் கெடும் என்று விளக்கட்டும்.

ஆவூரிலேயே இதற்கு இன்னொரு சான்று வருடந்தோறும் மேடையேறுகிறது. ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்கு நாடகத்துக்கும் தேருக்கும் எல்லா மதத்தாரும் கூடுகிறார்கள். மேடையில் இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டுவது குருக்கள் இல்லை, ஊரார். விடிய விடிய சுவிசேஷத்தைக் கூட்டத்தின் முன் சொல்லும் துணிவு இருக்கிறது. வேஷம் கலைந்தால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

திருச்சபையின் போதனையும் வாய்மூடியிருப்பவர்கள் பக்கம் இல்லை. பொதுநிலையினரின் திருத்தூதுப் பணிக்கென்றே இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18இல் ஒரு தனி ஏட்டை வெளியிட்டது. ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று திருச்சபைச் சட்டமே இடம் தருகிறது. சாகும் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றத் தகுதியுள்ளவர், உயிரோடிருக்கும் நண்பரின் கேள்விக்குப் பதில் சொல்லத் தகுதியற்றவராம்.

கடைசியாக எஞ்சுவது மிகவும் கண்ணியமாக ஒலிக்கும் வாதம்: "வாயால் சொல்ல வேண்டாம், நம் நடத்தையைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்." நடத்தை முதலில் வர வேண்டும் என்பதில் சண்டையில்லை. ஆனால் விளக்கம் சொல்லப்படாத நடத்தை நாளடைவில் புரியாமற்போய்விடும் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1975இலேயே எழுதிவிட்டார். அதைவிட முக்கியம், எந்த நடத்தையை நம்பி இவர்கள் வாய்மூடுகிறார்கள் என்பது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்துச் சுவர் நின்றது. 1910இல் அதை இடித்தபோது வழக்குமன்றம் வரை போனவர்கள் ஞாயிறு தவறாமல் பூசை கண்ட விசுவாசிகள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறையின் சாதிச் சுவரும் ஊரறிந்ததுதான். அண்டை வீட்டார் இதையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டால் "சாமியாரைக் கேளுங்கள்" என்று தப்பிக்க முடியாது. சுவரைக் கேட்டு வாங்கியவர்கள் சாமியார்கள் மட்டுமில்லை, வடக்கன்குளத்துச் சுவரை இடித்தவர் ஒரு சாமியார் என்பதும் பதிவில் இருக்கிறது.